இடது கிராங்க்

என் வீட்டுக்காரர் ஒரு பொருளை ரிப்பேர் செய்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பொருளோடு எப்படிப் பழகுவது என்று நான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். குளியலறைக் குழாயை மூட வேண்டுமென்றால் திறக்கிற பக்கம் திருப்ப வேண்டும். ஃபிரிட்ஜ் கதவு சுவர்ப் பக்கமாகத் திறக்கும். கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவித்தான் பாலை எடுக்க முடியும். சமையலறை விளக்கின் சுவிட்ச் படுக்கையறையில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் இதை விளக்கிச் சொல்லியே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அவர் பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

அவருக்குத் தொழில் பெயர்ப்பலகை செய்வது. மருந்துக்கடை, பல் டாக்டர், டியூஷன் சென்டர் என்று கடைத்தெருவில் நிமிர்ந்து பார்த்தால் பாதிப் பலகை இவருடையதாகத்தான் இருக்கும். ஸ்கேலைத் தொடவே மாட்டார். கேட்டால், "கண்ணு எதுக்கு இருக்கு?" என்பார். நானோ சர்வேயர். காலையிலிருந்து மாலை வரை நிலத்தை அளப்பதுதான் பிழைப்பு. நான் ஒரு விரற்கடை தப்பாக அளந்தால் அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். கண்ணால் அளக்கிறவரும் நாடாவால் அளக்கிறவளும் ஒரே வீட்டில் எப்படிக் குப்பை கொட்டுகிறோம் என்று கேட்டால், கத்திக் கத்தித்தான்.

அந்த வீட்டில் அவர் கை படாமல் நான் காப்பாற்றி வைத்திருந்த ஒரே பொருள் என் சைக்கிள். நீண்ட பயணத்துக்கென்றே செய்த சைக்கிள் அது. முன்னும் பின்னும் பை மாட்டக் கம்பிகள், மேடு ஏறச் சின்னப் பல்சக்கரம், நாள் முழுக்க உட்கார்ந்தாலும் உறுத்தாத தோல் சீட்டு. வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டு அதில் எங்காவது கிளம்பிவிடுவேன். மற்ற நாட்களிலும் ஆபீஸ் விட்டதும் இருட்டும்வரை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அவருக்கும் ஒரு சைக்கிள் உண்டு. கல்யாணமான புதிதில் என்னோடு வந்துகொண்டிருந்தார். அப்புறம் தொப்பை வந்தது, சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போனது. அதை விற்றுத் தொலையுங்கள் என்று நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பார். ஆனது. எதற்கு ஆனது என்பதுதான் கதை.

இந்த வருஷம் மலையைத் தாண்டிக் கடற்கரை ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சைக்கிளிலேயே போவதாக இருந்தேன். அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, இப்போது வீட்டுக்குள் மட்டும் நடக்கிறாள். எங்கள் அம்மாவுக்கும் இதேதான். அம்மா இப்போதைய என் வயதில்தான் ஒருநாள் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பிறகு கைத்தடி வந்தது. பிறகு நாற்காலி. அந்த நாற்காலியிலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை.

"அடுத்தது நீதான்டி" என்பாள் அக்கா போனில். "கால் நல்லா இருக்கும்போதே ஓட்டிக்கிட்டு வந்து சேரு. நான் வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பேன்." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் என் இடது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது.

முதலில் சீட்டைச் சந்தேகப்பட்டேன். வருஷக்கணக்காக ஒரே உயரத்தில் இருந்த சீட்டு. கம்பியில் நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன். இருந்தாலும் கொஞ்சம் ஏற்றினேன். இடது காலுக்கு இதமாக இருந்தது. வலது காலுக்குப் பெடல் எட்டாமல் இடுப்பு ஆடியது. இறக்கினேன். வலது காலுக்குச் சரியானது. இடது முழங்கால் உயிரை எடுத்தது. ஒரு காலுக்குப் பார்த்தால் இன்னொன்றுக்கு ஆகவில்லை. சீட்டின் சாய்வை அளந்தேன், ஹேண்டில் தூரத்தை அளந்தேன், செருப்பின் அடிக்கனத்தை அளந்தேன். ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு, படம் வரைகிற பெண்ணை நாடாவைப் பிடிக்கச் சொல்லி, என் கால்களையே அளந்தேன். இரண்டும் ஒரே நீளம். "மேடம், உங்க காலுக்குப் பட்டா போடணுமா?" என்றாள் அவள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பிசியோதெரபிக்குப் போனோம். போனோம் என்றால் இவரும்தான். நான் வேண்டாம் என்றாலும் கூடவே வந்தார். முழங்காலை மடக்கி, நீட்டி, அமுக்கிப் பார்த்தாள் அங்கிருந்த தெரபிஸ்ட் பெண்.

"மூட்டுல பெருசா ஒண்ணும் தெரியலைங்க. ஆனா இடது கால் மட்டும் வேற மாதிரி உழைச்சிருக்கு. சமீபத்துல சைக்கிள்ல ஏதாவது மாத்துனீங்களா?"

"ஒரு நட்டு மாத்தல. என் சைக்கிள வேற யாரும் தொடவும் மாட்டாங்க" என்றேன் கறாராக.

இவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகெலும்பில் எத்தனை கணு என்று எண்ணுகிற மாதிரி அப்படி ஒரு பார்வை. அப்போதே எனக்கு மூக்கு வியர்த்திருக்க வேண்டும். வியர்க்கவில்லை. ஏனென்றால் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அம்மா. அவளிடமும் முதலில் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

அன்றிலிருந்து சைக்கிளைத் தொடவில்லை. ஆபீசிலிருந்து பஸ்ஸில் வந்து, வீட்டின் பின்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வேன். பின்பக்கம் எங்களுக்குச் சிமெண்ட் போட்ட சின்ன முற்றம். மதிலுக்கு அந்தப் பக்கம் பின்வீட்டுக்காரர்கள் துணி காயப்போடுவதையும் எடுப்பதையும் பார்த்துக்கொண்டு இருப்பேன். இவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்துவிடுவார். டீ போடுவார். முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைப்பார். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கடைக்காரர் எந்த எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னார், எந்த டாக்டர் தன் பட்டங்களை ஒரே வரியில் அடைக்கச் சொன்னார் என்று கதை சொல்வார். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. ஒருநாள் பேச்சு நடுவில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"அம்மா மாதிரியே ஆயிடுவேன்போலங்க" என்றேன்.

அவர் வெந்நீர்ப் பையை இந்தப் பக்கம் திருப்பி வைத்தார், அந்தப் பக்கம் திருப்பி வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மென்று முழுங்கிவிட்டு, "தண்ணி ஆறிடுச்சு" என்று எழுந்து போனார். பாவம், எனக்காக மனம் கஷ்டப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

அக்காவுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். "வந்துடுச்சா?" என்றாள். அவ்வளவுதான். அடுத்தது நீதான் என்று அவளும் அதற்குப் பிறகு சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை.

சைக்கிளை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். கண்ணெதிரே அது நின்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பக்கத்துப் பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருப்பவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொன்னார். இவரிடம் சொன்னபோது முகம் செத்துப்போயிற்று.

"அவசரப்படாத. கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போமே" என்றார்.

"எதுக்குப் பொறுக்கணும்? முழங்கால் புதுசா முளைக்குமா?"

அவர் டீ டம்ளரைக் கழுவப் போய்விட்டார். சரி, அவருக்கும் வருத்தம்போல என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், விற்கிற பொருள் சுத்தமாக இருக்கட்டும் என்று சைக்கிளை முற்றத்தில் நிறுத்தித் துடைக்க உட்கார்ந்தேன். பெடலுக்குப் பக்கத்தில் தார் ஒட்டியிருந்தது. தண்ணீருக்கு மசியவில்லை. இவருடைய அலமாரியிலிருந்து பெயிண்ட் தின்னர் பாட்டிலை எடுத்துத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். தார் வந்தது. தாரோடு கறுப்பும் வந்தது. துணியைத் திருப்பி இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். கறுப்பு கிராங்க்குக்கு அடியிலிருந்து வெள்ளிக் கலரில் இன்னொரு கிராங்க் எட்டிப் பார்த்தது.

கிராங்க் என்பது வேறொன்றுமில்லை. நடு அச்சிலிருந்து நீண்டு வந்து பெடலைப் பிடித்துக்கொண்டிருக்கிற கை. இடதில் ஒன்று, வலதில் ஒன்று. என் சைக்கிளில் இரண்டும் கறுப்பு. வலது பக்கம் போய்த் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தும் கறுப்பு போகவில்லை. அது பிறவிக் கறுப்பு. திரும்ப இடது பக்கம் வந்தேன். செருப்பு உரசி உரசி வலது கிராங்க்கில் ஒரு சாம்பல் தேய்மானம் இருக்கும். இடதிலும் அதே இடத்தில் அதே தேய்மானம் இருந்தது. அதையும் தேய்த்தேன். தேய்மானம் துணியில் வந்துவிட்டது. அதுவும் பெயிண்ட்!

இந்த ஊரில் சைக்கிள் கிராங்க்குக்குச் செருப்புத் தேய்மானம் வரைகிற கை ஒன்றே ஒன்றுதான்.

உள்ளே போய் ஆபீஸ் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து வந்தேன். அச்சின் நடுவிலிருந்து பெடலின் நடுவரை. வலது, பதினேழரை சென்டிமீட்டர். இடது, பதினாறரை. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன். ஒரு சென்டிமீட்டர் முழுசாகக் குறைந்தது. சீட்டை அளந்து, ஹேண்டிலை அளந்து, செருப்பை அளந்து, என் காலையே அளந்து, இந்த ஒன்றை மட்டும் அளக்கவில்லை. கிராங்க் ஜோடியாக வருகிற பொருள். ஜோடியில் ஒன்று குட்டையாக இருக்கும் என்று எந்த மடையனுக்குத் தோன்றும்?

டேப்பைச் சுருட்டக்கூட இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டே மாடிப்படிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். அவருடைய பழைய சைக்கிள் தூசி படிந்து நின்றது. வலது பக்கம் வெள்ளிக் கலர் கிராங்க் இருந்தது. இடது பக்கம் வெறும் அச்சு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

முற்றத்துக்குத் திரும்பி வந்து, "ஏங்க" என்றேன்.

நான் அந்தக் குரலில் கூப்பிட்டால் அவர் எங்கிருந்தாலும் வந்துவிடுவார். வந்தார். டேப்பைப் பார்த்தார், வெள்ளிக் கலர் கிராங்க்கைப் பார்த்தார், தின்னர் பாட்டிலைப் பார்த்தார். திருதிருவென்று முழித்தார்.

"எப்ப நடந்துச்சு இது?"

"நீ வெளியூர் சர்வேக்குப் போயிருந்தல்ல, அப்ப. பெடல்ல ஏதோ கிரீச்சுனு சத்தம் வருதுன்னு சொல்லிட்டுப் போனியே. வர்றதுக்குள்ள எண்ணெய் போட்டு வைப்போம்னு ரெண்டு பெடலையும் கழட்டினேன்."

"கழட்டி?"

"மாட்டும்போது இடது வலது மாறிப்போச்சு."

கண்ணை மூடிக்கொண்டேன். சைக்கிள் பெடலில் வலதுக்கும் இடதுக்கும் மரை நேர் எதிர். ஒன்று அந்தப் பக்கம் திருகினால் இறுகும், மற்றது இந்தப் பக்கம். மாற்றி வைத்தால் உள்ளேயே போகாது. போகாததை யாராக இருந்தாலும் ஏன் போகவில்லை என்று யோசிப்பார்கள். இவர் யோசிக்கிற ஆளா?

"போகல. சரி, டைட்டா இருக்குன்னு ஸ்பேனர்ல ஒரு பைப்பைச் சொருகி நல்லா அழுத்தினேன். மொத்த மரையும் தூளாக் கொட்டிடுச்சு."

"அப்பவே எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? வீட்ல இது ஒண்ணத்தையாவது விட்டு வைங்கன்னு நீ சொல்லிட்டே இருப்ப. நான் என்னோடத எடுத்து மாட்டினேன். பொருந்துச்சு. கலர்தான் வேற. அடிச்சுட்டேன்."

"அடிச்சது மட்டுமா? தேய்மானம் வேற வரைஞ்சிருக்கீங்க."

அசடு வழிந்தார். "நல்லா வந்திருந்துச்சுல்ல?"

சைக்கிளைச் சாய்த்து, கிராங்க்கின் உள்பக்கத்தைத் தின்னர் துணியால் தேய்த்தேன். வலது கிராங்க்கின் உள்பக்கம் நீள அளவு மில்லிமீட்டரில் 175 என்று அச்சாகியிருக்கும். இடதில் வழவழவென்று ஒன்றுமே இல்லை. சாவியால் சுரண்டினேன். வெள்ளையாக ஏதோ பொடி உதிர்ந்து, உள்ளிருந்து 165 தெரிந்தது.

"அது... ரெண்டுலயும் வேற வேற நம்பரா இருந்துச்சு. ஏதோ கம்பெனி நம்பர்னு நெனச்சேன். பாக்க நல்லா இல்லன்னு பட்டி பார்த்துட்டேன்."

பட்டி பார்த்திருக்கிறார். சுவரில் ஓட்டை விழுந்தால் பூசுவார்களே, அதை வைத்து, உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே இடத்தையும் பூசி மெழுகியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாவியைத் தரையில் எறிந்தேன்.

"கழட்டுங்க" என்றேன். "இப்பவே கழட்டுங்க."

"கழட்டி?"

"கழட்டினாத்தானே சரியான கிராங்க் வாங்கி மாட்ட முடியும்? எங்க கிடைக்குமோ, எப்ப வருமோ..."

"இருக்கு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "வாங்கிட்டேன். கடையில இருக்கு."

சைக்கிள் சாமான்களைக் கடையில் ஏன் வைத்திருக்கிறார் என்று நான் கேட்பதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார். திரும்பி வரும்போது கையில் ஓர் அட்டைப்பெட்டி. பிரித்தேன். கறுப்பு. 175. இடது. மிகச் சரியான பொருள். இந்த மனுஷன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அளவு பார்த்து வாங்கியிருக்கிறார். பெட்டியின் மேல் கடைத்தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அப்போது அந்தத் தூசியை நான் கவனித்தேன், கேட்கவில்லை. முதலில் அந்தக் குட்டைக் கையைக் கழற்றியாக வேண்டும்.

கிராங்க்கை அச்சிலிருந்து இழுப்பதற்குப் புல்லர் என்று ஒரு கருவி உண்டு. அதைக் கிராங்க்கின் மரைக்குள் கடைசிவரை திருகி உட்கார வைத்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். நான் உள்ளே போய்ப் பழைய துணி எடுத்து வருவதற்குள் இவர் பாதி மட்டும் திருகி இழுத்துவிட்டார். கடக் என்று ஒரு சத்தம். புல்லர் கையோடு வந்தது. மரையும் சுருள் சுருளாக அதோடு வந்தது. கிராங்க் மட்டும் அப்படியே இருந்தது.

"முழுசா உள்ள போயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

"எப்படி நெனச்சீங்க?"

"கண்ணால பாத்தேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். வாத்தியார் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மரை போன பிறகு அந்தக் கிராங்க்கை எடுக்க எனக்குத் தெரிந்து ஒரு வழிதான் உண்டு. போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, சைக்கிளை ஓட்ட வேண்டும். மிதிக்க மிதிக்க அது தானாகத் தளர்ந்து வெளியே வரும். மிதிக்கிறவருக்கு உடம்பில் கொஞ்சம் பாரமும் மனசில் கொஞ்சம் கோபமும் இருந்தால் போதும். கோபத்துக்கு அன்று எங்கள் வீட்டில் பஞ்சமில்லை.

ஏறி உட்கார்ந்து முற்றத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். அவர் நடுவில் நின்று என்னோடு சேர்ந்து சுற்றிச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தார். இடது முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் குத்தியது.

"பிசியோதெரபில அந்தப் பொண்ணு கேட்டாளே, அப்பவே தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே துணிக்கொடியைத் தாண்டினேன்.

"அப்பதான் சந்தேகம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து சாண் வச்சுப் பாத்தேன். இடது குட்டை. வலதுல இருந்த நம்பரச் சொல்லி அன்னிக்கே ஆர்டர் போட்டுட்டேன்."

"எப்ப வந்துச்சு இது?"

"வந்து... கொஞ்ச நாளாச்சு."

"கொஞ்ச நாள்னா? தூசி விரல் கனத்துக்கு இருக்கு."

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பின்படியைத் தாண்டி, மறுபடி அவர் முன்னால் வந்தேன். கிராங்க் டொக் டொக் என்று பேச ஆரம்பித்திருந்தது.

"வாயத் திறந்து சொல்லுங்க. கல்லு மாதிரி நிக்காதீங்க."

"வந்த அன்னிக்குக் கையோட எடுத்துட்டுதான் வந்தேன். நீ இந்தப் படியில உக்காந்திருந்த. என்னைப் பாத்து, இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டீங்களான்னு கேட்ட."

"கேட்டா?"

"எத்தன வருஷமா நான் அந்த நேரத்துக்கு வந்தா பூட்டுதான் தொங்கும். நீ எங்கயாவது சுத்திட்டிருப்ப. அன்னிக்கு நீ இருந்த. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு பெட்டிய வண்டியிலயே வச்சுட்டேன். மறுநாளும் நீ உக்காந்திருந்த. அப்புறம் கடையிலயே கொண்டுபோய் வச்சுட்டேன்."

நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன செய்துவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

"அம்மா மாதிரி ஆயிடுவேன்னு நான் இந்தப் படியில உக்காந்து அழுதேன். நீங்க வெந்நீர்ப் பையத் திருப்பித் திருப்பி வச்சுட்டிருந்தீங்க."

"ஆமா."

"அப்பகூடச் சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு" என்றார். "அப்ப சொன்னா, இத்தன நாள் ஏன் சொல்லலன்னு கேப்ப. அதுக்கு இதத்தான் சொல்லணும். இதச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

எழுந்து நின்று, என் பாரம் முழுவதையும் இடது காலில் போட்டு ஒரு மிதி மிதித்தேன். கிராங்க் அச்சைவிட்டு வழுக்கி, போல்ட்டில் தொங்கியது. சைக்கிள் சாய்ந்தது. அவர் ஓடி வந்து ஹேண்டிலைப் பிடித்தார். என்னைப் பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டு நானே இறங்கினேன்.

இறங்கினவள் அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. அதைத் தடவிப் பார்த்தேன். இது அம்மாவின் முழங்கால் இல்லை. ஒரு சென்டிமீட்டர் குட்டையான அலுமினியத்தோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போன என் முழங்கால், அவ்வளவுதான். சந்தோஷத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இந்தச் சந்தோஷத்தை எனக்குக் கொடுக்காமல் அட்டைப்பெட்டியில் பூட்டி வைத்திருந்த ஆளும் பக்கத்திலேயே நின்றார். அவரை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியாத எரிச்சலில் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

"டீ போடட்டுமா?" என்றார்.

"ஒண்ணும் வேணாம். அந்த ஸ்பேனரக் குடுங்க."

புது கிராங்க்கை நானே மாட்டினேன். பெடலை நானே, எதிர் மரை பார்த்து, விரலால் திருகி உட்கார வைத்து இறுக்கினேன். அவர் துணியை நீட்டுவதும் வாங்குவதுமாக நின்றார். ஏறி ஒரு சுற்று வந்தேன். வலி உடனே ஓடிப்போகவில்லை. ஆனால் இரண்டு கால்களும் ஒரே வட்டத்தில் சுற்றின. இடுப்பு ஆடவில்லை. சுற்றை முடிக்க மனமே வரவில்லை எனக்கு.

அழைப்பு மணி அடித்தது. வாத்தியார். முற்றத்துக்கு வந்ததுமே சைக்கிளின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரை அமுக்கிப் பார்த்தார், சீட்டைத் தட்டிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"நீங்களே சொல்லுங்க" என்றேன் இவரிடம்.

இவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார், விரித்தார். "மன்னிச்சுக்கங்க சார். இது விக்கறதுக்கு இல்ல."

"ஏன் சார், முழங்கால் வலின்னுதானே சொன்னாங்க? சைக்கிள்ல ஏதாவது கோளாறா?"

"சைக்கிள்ல இல்லைங்க."

"பின்ன?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கை கொடுக்கவில்லை.

"எங்கிட்டதான்" என்றார்.

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. வந்ததற்கு வெறுங்கையோடு போகிற வருத்தம் அவருக்கு. போகிற வழியில் மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "அப்ப இதையாவது குடுங்களேன். ஒரு கிராங்க்தான் இல்ல. போட்டுக்கிட்டா ஓடும். இது இங்க சும்மாதானே நிக்குது?"

எத்தனை வருஷமாக நான் கெஞ்சியது இதற்குத்தான். விற்றுத் தொலையுங்கள், இடமாவது மிஞ்சும் என்று. இவர் தலையைக் குனிந்துகொண்டார். எது சொன்னாலும் இன்று தனக்கு வாயில்லை என்று அவருக்குத் தெரியும். "எடுத்துக்க..." என்று ஆரம்பித்தார்.

"அதுவும் விக்கறதுக்கு இல்ல" என்றேன்.

நான் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது. இவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வாத்தியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரை கழன்ற குடும்பம் என்று நினைத்திருக்க வேண்டும், வேகமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முற்றத்தில் கிடந்த குட்டை கிராங்க்கை எடுத்து இவர் கையில் வைத்தேன்.

"மாட்டுங்க."

"என்னோடதுலயா?"

"பின்ன என் தலையிலயா? அக்கா வீட்டு வழியில மலை ஏத்தம் ஜாஸ்தி. இந்தத் தொப்பைய வச்சுக்கிட்டு ஒரே நாள்ல ஏற முடியாது. நாளையிலேர்ந்து காலைல எந்திரிச்சுப் பழகணும். நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அந்தப் பேச்சே வேற. ஏத்தத்துல மூச்சு வாங்கும்போதெல்லாம் இதச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கிட்டே வருவேன்."

"சரி" என்றார். கிராங்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி வெள்ளி, பாதி கறுப்பு, நடுவில் அவர் வரைந்த தேய்மானத்தில் மிச்சம் கொஞ்சம். "மரை போயிடுச்சே. மாட்டினா இனிமே புல்லர் போட்டுக் கழட்ட முடியாது."

"கழட்ட வேணாம்."

"மிச்சக் கறுப்பத் தின்னர் போட்டு எடுத்துரட்டுமா?"

"அப்படியே இருக்கட்டும். நாலு பேர் பாக்கட்டும்."

அவர் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தார். அச்சில் கிராங்க்கை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு என் ஸ்டீல் டேப்பை எடுத்து, வலதையும் இடதையும் அளந்து பார்த்துவிட்டுப் போல்ட்டை முடுக்கினார்.

நான் பின்படியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வாசல்ல இன்னொரு நாற்காலி போட்டு வை" என்றேன்.

அந்தப் பக்கம் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"உனக்காடி?" என்றாள் மெதுவாக.

"எனக்கில்லக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. இவரும் கூட வர்றாரு."